பூண்டும் மஞ்சளும் கலந்து தீவனம் போட்டால் மீனுக்குச் சீக்கு வராதா?

ஈரோட்டுப் பக்கம் பண்ணைக்குட்டையில் ரோகு, கட்லா விட்டிருக்கிறீர்கள், உடம்பில் சிவப்புத் திட்டு விழுந்து மீன் சாகிறது, பூண்டும் மஞ்சளும் கலந்து போட்டால் நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது செத்துக்கொண்டிருக்கும் மீனுக்கு அது உதவாதுங்க. சீக்கு வந்த மீன் முதலில் விடுவதே தீனியைத்தான், அப்புறம் தீனியில் கலந்த மருந்து எப்படி உள்ளே போகும்? மூலிகைத் தீவனம் நன்றாகத் தின்கிற மீனுக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டியது.

பலன் இல்லை என்று சொல்லவில்லை. ரோகுவுக்குக் கிலோ தீவனத்தில் 1, 5, 10 கிராம் என்று பூண்டு கலந்து 60 நாள் கொடுத்துவிட்டு, ஏரோமோனாஸ் கிருமியை ஊசியில் ஏற்றிப் பார்த்த ஆய்வு இருக்கிறது. பூண்டு தின்ற மீன்கள் கூடுதலாகப் பிழைத்தன. நீங்கள் சொல்லும் சிவப்புத் திட்டு, வயிறு உப்பிச் செதில் தூக்கி நிற்பது, இதற்கெல்லாம் பெரும்பாலும் காரணம் அந்தக் கிருமிதான். ஆனால் அது எப்போதும் தண்ணீரில் இருக்கிற கிருமி, மீன் தளர்ந்தால் மட்டும் ஏறி உட்காரும். பூண்டு செய்வது, கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்களைச் சுறுசுறுப்பாக்குவதும், ரத்தத்தில் கிருமியின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதியைக் கூட்டுவதும்தான்.

கிலோ தீவனத்துக்கு 5 கிராம் பூண்டில் ஆரம்பியுங்கள், 10 கிராமுக்கு மேல் வேண்டாம். பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே விட்டால்தான் அதன் காரச் சத்து உருவாகும், நசுக்காமல் வேக வைத்தால் அது உருவாகாமலே போய்விடும். அதனால் தீவனத்தோடு ஒட்டுவதற்குக் கஞ்சி காய்ச்சி, அது நன்றாக ஆறிய பிறகு பூண்டைக் கலந்து, தீவனத்தில் பிசிறி, நிழலில் உலர்த்தி அன்றைக்கே போட்டுவிடுங்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற மருந்துச் சத்து தண்ணீரில் கரையாது, கொஞ்சம் எண்ணெயில் குழைத்துப் பிசிறினால் தீவனத்தோடு ஒட்டும். நம்ம ஊர் மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடே வந்துவிட்டது, மீனுக்கு மட்டும் ஏன் பாக்கெட் பொடி வாங்குகிறீர்கள், கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கடலைப் புண்ணாக்கைப் பாருங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருக்கும், அது மீனின் கல்லீரலைக் கெடுத்து நோய் தாங்கும் சக்தியையே குறைத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டே மேலே பூண்டு தூவுவது வீண்செலவு. செடி கொடி என்றாலே கெடுதல் செய்யாது என்றும் நம்பாதீர்கள். குளத்தில் களை மீனைக் கொல்லப் போடுவதே இலுப்பைப் புண்ணாக்குதான். வேப்பிலையும் அளவு மிஞ்சினால் மீனுக்கு விஷம், கசப்புக்குத் தீனியைத் தொடவும் தொடாது.

இப்போதைக்குத் தீனியை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறக்கிறதா பாருங்கள், திறந்தால் ஆக்சிஜன் குறைவு. தார்ப்பாய் போட்ட குட்டை என்றால் அடியில் கழிவு தேங்கி அம்மோனியா ஏறியிருக்கும், போர் தண்ணீரில் பிஎச் (காரத்தன்மை) அதிகமாக இருந்தால் மதியத்தில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கூடும். கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அப்புறமும் சாவு நிற்காவிட்டால் பவானிசாகர் மீன் பண்ணைப் பக்கம் கேளுங்கள், ஆனால் செத்து நாறிய மீனைக் கொண்டு போகாதீர்கள், அதில் என்ன நோய் என்று கண்டுபிடிக்கவே முடியாது. தடுமாறி நீந்துகிற இரண்டு மூன்று மீனை உயிரோடு, குட்டைத் தண்ணீரிலேயே காற்று அடைத்த பையில் கொண்டு போங்க.