ஊரில் ஒரே கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள்தான். அன்றாட வாழ்க்கையில் கிறிஸ்துவுக்குச் சாட்சியாக இருப்பது எப்படி?

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், ஊரில் உங்கள் வீடு ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு, துண்டுப்பிரதி கொடுக்கவும் தெருமுனையில் நின்று பேசவும் உங்களுக்கு வரவில்லை, "அப்போ நான் சாட்சியே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து வந்த சுவிசேஷ ஊழியர் யாரோ உங்கள் மனதை நோகடித்திருக்க வேண்டும். அவர் சனிக்கிழமை வேனில் வருவார், ஞாயிறு இரவு கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை காலையில் அதே ஊர்க்காரர் முகத்தில் விழிக்கப் போகிறவர் நீங்கள்தான். அதனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. (எலத்தகிரி, கோவிலூர் மாதிரி பழைய கத்தோலிக்க ஊர்க்காரர்கள் இதை வைத்து வாதாட வேண்டாம். அங்கே நிலைமையே வேறு.)

ஊர் உங்களை முதலில் எடை போடுவது தராசில்தான். நம் பக்கத்தில் யார் வீட்டிலும் ஏதோ ஒன்று நிறுக்கப்படுகிறது. தக்காளி, மாங்காய், புளி, பால், ஏதாவது ஒன்று. புளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு நீக்கிய புளியைக் கொட்டை எடுக்க வீடுவீடாகப் பெண்களிடம் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி தருகிறோம். தகராறு கிளம்புவது திரும்ப வாங்கும்போது. கொடுத்தபோது ஈரம் இருந்த புளி, இரண்டு நாள் திண்ணையில் கிடந்தால் எடை குறையும். கொட்டை, நார், தூசி எல்லாம் சேர்த்துப் போட்டாலும் கணக்கு இடிக்கும். அந்தக் குறைவை அந்தப் பெண்ணின் கூலியில் பிடிப்பதுதான் வழக்கம். நீங்கள் அதைச் செய்யக் கூடாது. கொடுக்கும் முன் புளியை நன்றாகக் காய வைத்துக் கொடுங்கள். அவர் கண் முன்னால் நிறுத்து, அவர் நோட்டிலும் உங்கள் நோட்டிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். வாங்கும்போது சதை, கொட்டை, நார் மூன்றையும் தனித்தனியாக நிறுங்கள். அப்போதுதான் காய்ந்து போனது எவ்வளவு, காணாமல் போனது எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும்.

எலெக்ட்ரானிக் தராசைச் சமதளத்தில் வைத்து, சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். காலிச் சாக்கை வைத்து, சாக்கு எடையைக் கழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு பொருளைக் கொட்டுங்கள். சணல் சாக்குக்குக் 'கண் கணக்கில்' கழித்துவிட்டால் ஒவ்வொரு மூட்டையிலும் யாரோ ஒருவர் ஏமாறுகிறார். ஐந்து கிலோ முத்திரைக் கல் ஒன்றைப் பக்கத்திலேயே வையுங்கள். சந்தேகப்படுகிறவர் தாமே வைத்துப் பார்க்கட்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் வருடத்துக்கு ஒருமுறை தராசுக்கு முத்திரை வைக்க வேண்டும், பலர் வைப்பதில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11:1-ல் இருப்பதைச் சுவரில் ஒட்டுவதை விட, அந்த முத்திரைச் சான்றிதழை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டுவது மேல்.

தக்காளிப் பெட்டியில் மேலே செங்காய், அடியில் சொத்தை என்று அடுக்காதீர்கள். ஏலத்தில் வாங்குகிறவர் கொட்டிப் பார்க்க மாட்டார், ஆனால் அடுத்த வாரம் உங்கள் பெட்டியை நினைவில் வைத்திருப்பார். பாலைப் பொறுத்தவரை சொசைட்டியில் தண்ணீர் கலந்தால் எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடச்சத்து) குறைந்து மாட்டிக்கொள்வோம். சோதனை இருக்கிற இடத்தில் நேர்மையாக இருப்பது எல்லாரும் செய்வதுதான். வீட்டு வாடிக்கையாளருக்கு ஊற்றும் அந்த அரை லிட்டரில் எந்த மீட்டரும் இல்லை. உங்கள் சாட்சி அந்த அரை லிட்டரில் இருக்கிறது.

கூலி விஷயத்தில் லேவியராகமம் 19:13 மிகத் தெளிவு: கூலிக்காரன் கூலி விடியும்வரை உங்களிடம் இருக்கக் கூடாது. களை எடுக்க வந்தவர்களை "நாளைக்கு வாம்மா, சில்லறை இல்லை" என்று அனுப்பாதீர்கள். முந்தின நாளே பணத்தை மாற்றி வையுங்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற ஊர் வழக்கத்தில் ஒரே வேலைக்காவது ஒரே கூலி கொடுங்கள். ஊரில் முணுமுணுப்பார்கள், "கூலியை ஏத்தி விடறான்" என்பார்கள். சந்திக்க வேண்டிய முணுமுணுப்பு அது.

வட்டிக்கு விடாதீர்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் உட்காருகிறவர் திங்கட்கிழமை தண்டல் வசூலிக்கிறார் என்றால் ஊர் என்ன நினைக்கும்? மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாம் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தில் குற்றம். வேதத்தில் யாத்திராகமம் 22:25 ஏழையிடம் வட்டி வாங்காதே என்கிறது. அவசரத்துக்குக் கேட்டால் உங்களால் இழக்க முடிகிற தொகையை மட்டும் கைமாற்றாகக் கொடுங்கள், தேதியை எழுதிக்கொள்ளுங்கள், ஒருமுறைக்கு மேல் வாசலில் போய் நிற்காதீர்கள். அந்தக் கடனை வைத்து அவரைச் சபைக்குக் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் அவர் வருவார், கடனுக்காக வருவார்.

சாவு வீடு: போங்கள், கடைசிவரை இருங்கள். பந்தல், நாற்காலி, தண்ணீர் கேன், வெளியூர் உறவுகளுக்குப் போன், மயானம்வரை தோள் கொடுப்பது என எல்லாவற்றிலும் உங்கள் கை இருக்கலாம். வாய்க்கரிசி போடுவது உங்கள் மனசாட்சிக்கு ஒப்பவில்லை என்றால் அந்த நேரத்தில் முகத்தைச் சுளித்து நகராதீர்கள். முன்னாடியே பங்காளி ஒருவரிடம், "அண்ணே, அந்தச் சடங்கு மட்டும் என்னால் முடியாது, மத்த எந்த வேலையா இருந்தாலும் சொல்லுங்க" என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். அங்கே நரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பதினாறாம் நாளுக்குப் பிறகு கூட்டம் குறைந்துவிடும். அந்த வீட்டுக்கு ஆள் தேவைப்படுவது அப்போதுதான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், விதவை உதவித்தொகை மனு இவற்றுக்கு இ-சேவை மையத்துக்குக் கூடப் போய் வாருங்கள்.

மாரியம்மன் பண்டிகைத் தலைக்கட்டு வரிதான் அதிகம் பேர் சிக்கிக்கொள்கிற இடம். வசூலுக்கு வந்த பத்துப் பேர் முன்னால் "தரமாட்டேன்" என்றால் அது ஊரை அவமதித்ததாக ஆகிவிடும். பண்டிகை சாட்டுவதற்கு முன்பே, வீட்டுப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஊர்க் கவுண்டர் வீட்டுக்குப் போங்கள். பூஜைச் செலவுக்குக் கொடுக்க இயலாது என்பதைப் பணிவாகச் சொல்லி, அதே தொகையோ கூடுதலோ குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, பள்ளிக்கூடச் சுவர் என்று பொதுவேலைக்கு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். தொகை குறையக் கூடாது. குறைந்தால் பக்தி என்ற பெயரில் பணம் மிச்சம் பிடிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். பிரசாதம் நீட்டினால், படைத்த உணவைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தை வைத்துச் சபைக்குச் சபை வேறு மாதிரி நடக்கிறார்கள். நீங்கள் மறுப்பவராக இருந்தால் கும்பிட்டு மறுங்கள். வாங்கிக் கீழே போடுவது மட்டும் கூடவே கூடாது.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஆயுதபூஜைக்கு முன்னால் இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தரையைக் கழுவும் வேலையில் முதல் ஆளாக நிற்கலாம். ஆராத்தி நேரத்தில் ஓரமாக நிற்கலாம். தீபாவளி, பொங்கல் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள், அப்புறம் பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மற்றவர்களே மாற்றிக் கொடுப்பார்கள். நண்பனுக்காக வருகைப்பதிவு போடுவது, பொய் மருத்துவ பில் இரண்டும் வேண்டாம்.

நோயாளிக்கு ஜெபிப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும், இரண்டு நிமிடம், சத்தமில்லாமல், வீட்டார் இருக்கும்போதே ஜெபியுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து. இருமல் நின்றதும் "சுகம் கிடைத்தது" என்று விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகி வீடு முழுவதும் பரவும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடித்த காலை அசைக்க விடாமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஜெபத்தை ஆம்புலன்ஸில் செய்யலாம். 1895-ல் கிருஷ்ணகிரியில் மிசோரி லுத்தரன் மிஷன் பணியைத் தொடங்கியவர்களில் ஒருவரான தியோடர் நேதர் 1904-ல் பிளேக் நோயில் இறந்தார். விசுவாசிக்கும் நோய் வரும், ஊழியருக்கும் வரும். வராது என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரப்படுத்துவது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றம்.

சாதி. இதைத் தாண்டிவிட்டு நம் மாவட்டத்தில் சாட்சி பேச முடியாது. 2012 நவம்பரில் சாதி வன்முறையில் தலித்துகளின் நத்தம் காலனி எரிந்த மாவட்டம் இது. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே டம்ளரா, காலனியிலிருந்து வந்தவர் திண்ணையோடு நிற்கிறாரா உள்ளே வருகிறாரா, அவர் வீட்டுக் கல்யாணத்தில் நீங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா, மொய் மட்டும் எழுதிவிட்டு வருகிறீர்களா? நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. திருமண விளம்பரத்தில் "கிறிஸ்தவ" என்று எழுதி அடுத்த சொல்லாகச் சாதியைப் போடும் சபைக் குடும்பங்களைப் பார்த்துப் பழகாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் இடம் கிடைத்தது. கிறிஸ்தவரான தலித்துக்கு இன்னும் இல்லை. மதம் மாறினால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். ஊரில் அவர் தெரு மாறுவதில்லை, கிணறு மாறுவதில்லை, சான்றிதழ் மட்டும் மாறுகிறது. பிள்ளையின் படிப்புக்காகச் சான்றிதழை மாற்றாமல் சபைக்கு வருகிறவர்களைப் 'பொய்ச் சாட்சி' என்று பிரசங்க மேடையில் திட்டுகிற ஊழியர்கள், அந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு ரூபாயாவது கட்டிவிட்டுப் பேசட்டும்.

"அப்போ நல்லவனா இருந்தா போதுமா, சுவிசேஷம் சொல்ல வேண்டாமா?" என்று சிலர் இங்கே கேட்பார்கள். சொல்ல வேண்டும். 1 பேதுரு 3:15 விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. ஆயத்தம் என்றால் மூன்று நிமிடத்தில், சபைக்குள் மட்டும் புழங்குகிற பேச்சு இல்லாமல், இயேசு யார், உங்கள் வாழ்க்கையில் எது மாறியது, எது இன்னும் மாறவில்லை என்று சொல்லப் பழகுவது. அடுத்தவர் சாமியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வேண்டாம். "மதம் மாற்றப் பார்க்கிறான்" என்று எழுத வருகிறவர்களுக்கு: அரசியல் சாசனம் 25-ஆம் பிரிவு நம்பிக்கையைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொல்லியிருக்கிறது. இரண்டையும் ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறேன். உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் 2011-ல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையும் பணம், பரிசு காட்டி ஆள் சேர்ப்பதை மறுக்கிறது.

வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தால் ஒலிபெருக்கி வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியே கூடாது. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் சட்டம் பார்க்காமலே குரலைக் குறைத்துவிடுங்கள். வெளியூர்க் குழு வந்து உங்கள் ஊர்க் குழந்தைகளை வீடியோ எடுத்து நன்கொடை கேட்டுப் போட அனுமதிக்காதீர்கள். அவர்கள் போன பிறகு போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப் போவது உங்கள் அப்பாதான்.

யாராவது தானாக வேதப்புத்தகம் கேட்டால் கொடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அப்பா அம்மாவுக்குத் தெரிந்துதான். முழு வேதத்தையும் கொடுத்து ஆதியாகமத்திலிருந்து படிக்கச் சொன்னால் லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். லூக்கா சுவிசேஷத்தில் தொடங்கச் சொல்லுங்கள். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு எளிது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவராக இருந்தால், எந்த எழுத்து வாசிக்க வரும் என்று முதலில் கேட்டுவிட்டு அந்த மொழியில் வாங்கிக் கொடுங்கள்.