முதலில் யாரைப் பள்ளிக்குக் கூப்பிடுவது?

கேள்வி: கொரோனா சமயத்தில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடங்களை மூடி வைத்தது தேவைதானா? "உயிர் இருந்தால்தானே படிப்பு" என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: 2020 மார்ச்சில் மூடியதைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சொல்வது சரி. தடுப்பூசி இல்லை, நோயைப் பற்றி யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து வாங்கிவந்து பாட்டிக்கு ஒட்டவைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது.

எனக்குக் கோபம் அப்புறம் நடந்ததில்தான். அந்த மே மாதமே டாஸ்மாக்கைத் திறந்தார்கள், நவம்பரில் தியேட்டரையும் திறந்தார்கள். பள்ளி? 2021 ஜனவரி 19-இல், அதுவும் பத்தும் பன்னிரண்டும் மட்டும், ஏனென்றால் அவர்களுக்குத்தான் பொதுத்தேர்வு. ஒன்று முதல் எட்டு வரை படிக்கிறவர்கள், நடுவில் இரண்டாவது அலையும் வந்துபோய், 2021 நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்ததே இரண்டாம் வகுப்பில்தான்!

டென்மார்க்கில் இதை அப்படியே தலைகீழாகச் செய்தார்கள். 2020 ஏப்ரல் நடுவிலேயே திறந்து, சின்னப் பிள்ளைகளை முதலில் கூப்பிட்டார்கள். மேசைகளைத் தள்ளிப் போட்டு, அடிக்கடி கை கழுவவைத்து, முடிந்தவரை பாடத்தை வகுப்பறைக்கு வெளியில் வைத்து நடத்தினார்கள். பதினைந்து வயசுப் பிள்ளை தட்டுத்தடுமாறியாவது தானே படித்துக்கொள்ளும், ஆனால் 'அ' எழுதப் பழகும் குழந்தைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விரலைப் பிடித்து வளைத்துவிட வேண்டும், அதைக் கல்வித் தொலைக்காட்சி செய்யாது, அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விட்ட ஒற்றைப் போனும் செய்யாது. சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள்தான், ஆனால் அது வீட்டில் எல்லோருக்குமான உலையில் போய்விடும், மத்தியானம் அந்தப் பிள்ளையின் தட்டில் விழுகிற சோறும் முட்டையும் ஆகாது.

கேள்வி: சரி, இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?
– அதே வாசகி

பதில்: நோயைப் பொறுத்தது. குழந்தைகளையே கடுமையாகத் தாக்கும் நோய் என்றால் யோசிக்காமல் மூட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கொரோனா மாதிரி பெரியவர்களை அதிகம் கொல்லும் நோய் என்றால், மதுக்கடையும் கல்யாண மண்டபமும் மூடிய பிறகுதான் பள்ளியை மூட வேண்டும், திறக்கும்போது பள்ளியைத்தான் முதலில் திறக்க வேண்டும். வயதான ஆசிரியர்களுக்கும் நோயுள்ள ஆசிரியர்களுக்கும் விலக்கு கொடுத்து, அவர்களுக்குத் தடுப்பூசியில் முன்னுரிமையும் கொடுக்கலாம். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களை வைத்து சாயங்காலம் தெருவிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்களே, நல்ல திட்டம், அதை முதல் அலை அடங்கிய கையோடு மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் சின்னச் சின்னக் குழுவாகத் தொடங்கியிருக்கலாம். அடுத்த முறை முதல் மாதத்திலேயே தொடங்கட்டும், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிலிருந்து.