கம்பனி பூட்டியாச்சு, ரிடண்டன்சி காசை யார் தருவது?

ரிடண்டன்சி என்றால் ஆட்குறைப்பில் வேலை போகிறவருக்குச் சட்டப்படி தரும் காசு. பிரிட்டனில் வேலை போனவர்கள் அதைப்பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. வட அயர்லாந்துக்கு முறை வேறு.

கேள்வி: அண்ணா, நான் வேலை செய்த வேர்ஹவுஸ் கம்பனி கடனில் முறிந்து லிக்விடேஷனுக்குப் போய்விட்டது. எனக்கு 45 வயது, பத்து வருட வேலை, கிழமைக்கு 500 பவுண். போன மாதச் சம்பளமும் வரவில்லை. எல்லாம் போச்சா?

பதில்: இல்லை. முதலாளி முறிந்துபோனால் அரசாங்கத்தின் ரிடண்டன்சி பேமன்ட்ஸ் சேர்விஸ், நாஷனல் இன்சூரன்ஸ் நிதியிலிருந்து எடுத்துத் தரும். நம் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுகிறார்களே, அந்த நிதிதான். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். ரிடண்டன்சிக்கு இரண்டு வருடம் வேலை செய்திருந்தால் போதும்.

41 வயதுக்குப் பின் உழைத்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒன்றரைக் கிழமைச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு கிழமை, அதற்கும் முன் அரைக் கிழமை. உங்களுக்குக் கடைசி 4 வருடத்துக்கு 6 கிழமை, அதற்கு முந்திய 6 வருடத்துக்கு 6 கிழமை. ஆக 12 கிழமை, 6,000 பவுண். சம்பளப் பாக்கி 8 கிழமை வரைக்கும், எடுக்காத லீவு 6 கிழமை வரைக்கும், நோட்டீஸ் காசும் தனியாக உண்டு. கம்பனியின் கணக்கை முடிக்கும் லிக்விடேட்டரிடம் சி.என். (CN) என்று தொடங்கும் கேஸ் நம்பரை வாங்கி ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். ரிடண்டன்சிக்கு ஆறு மாதம்தான் கெடு.

கேள்வி: என் சம்பளம் கிழமைக்கு 900 பவுண். அதே கணக்கா?

பதில்: இல்லை. கணக்கில் எடுக்கும் கிழமைச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2025 ஏப்ரலில் 719 பவுண் என்று வைத்தார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும்.

கேள்வி: எங்கள் முதலாளி கடையை மூடவில்லை. ஆட்களை நிறுத்திவிட்டு "காசு இல்லை, என்ன செய்ய" என்கிறார்.

பதில்: வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் ஏகாஸ் (Acas) என்ற தொழில் சமரச அமைப்பு, அதற்குப் பிறகு தொழில் தீர்ப்பாயம். தீர்ப்பு வந்தும் தராவிட்டால் அரசாங்கத்திடம் போகலாம். ஆனால் முதலாளி சட்டப்படி முறியாதவரை ரிடண்டன்சி மட்டும்தான் கிடைக்கும். சம்பளப் பாக்கியை அவரிடம்தான் வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். கடையைத் திறந்தும் திறக்காமலும் இழுத்தடிக்கிற முதலாளியிடம் மாட்டியவருக்குத்தான் கஷ்டம் அதிகம்.

கேள்வி: நான் வேர்க் விசாவில் இருக்கிறேன். இதை வாங்கினால் விசாக்காரர் வாங்கக்கூடாத அரசாங்க உதவி, அதாவது 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்று பிரச்சினை வருமா தம்பி?

பதில்: வராது அக்கா, இது அந்தப் பட்டியலில் இல்லை. விசாவுக்குப் புது ஸ்பொன்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, தேடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அறுபது பேரை ஒரே மெசேஜில் நிறுத்தினார்கள். கலந்து பேசவே இல்லை. அதற்கு நட்டஈடு உண்டாமே?

பதில்: ஒரே இடத்தில் 20 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் உண்டு. தீர்ப்பாயம் எத்தனை நாள் சம்பளம் போட்டாலும், முறிந்த கம்பனிக்காக அரசாங்கம் தருவது 8 கிழமைக்குள்தான். உங்கள் சம்பளப் பாக்கியும் அந்த எட்டுக்குள் அடங்கும். 'ஒரே இடம்' என்பதையும் கவனியுங்கள். வூல்வேர்த்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் மூடியபோது 20 பேருக்குக் குறைவான கிளைகளில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நட்டஈடு கிடைக்கவில்லை. 2015இல் ஐரோப்பிய நீதிமன்றமும் ஒவ்வொரு கிளையையும் தனியாக எண்ணலாம் என்றுவிட்டது. அறுபது பேரும் எந்தெந்தக் கிளை என்று முதலில் எழுதி அனுப்புங்கள்.