முதல் சம்பளமும் 78 அட்டைகளும்

வாசகர் கேள்வி:

"அக்கா, முதல் மாதச் சம்பளத்தில் எனக்கென்று ஒன்று வாங்க ஆசைப்பட்டேன். பேஸ்புக்கில் கண்ட, குறி பார்க்கும் டாரட் படச் சீட்டுக் கட்டு ஒன்றை 6,500 ரூபாய்க்கு எடுத்தேன். விளம்பரப் படத்தில் பொன் விளிம்பு, தடித்த பெட்டி, கூடவே விளக்கப் புத்தகம். கூரியர்காரரிடம் காசைக் கொடுத்துவிட்டுப் பிரித்தால் உள்ளங்கையளவு அட்டைகள், மங்கின நிறம், புத்தகத்துக்குப் பதிலாக கியூஆர் கோடு அச்சடித்த ஒரு துண்டுத் தாள். ஆறு மாதமாக யூடியூப்பில் பார்த்துப் படித்தும் இந்தப் படங்களைக் கண்டால் எனக்கு ஒன்றுமே தோன்றுதில்லை. முதல் நாள் எடுத்த முதல் அட்டையே மரணம். அதை அம்மா கண்டுவிட்டா. 'இதை வீட்டுக்குள்ள வைச்சிருக்காத, கீரிமலைக் கடலிலை கொண்டுபோய்ப் போடு' என்று ஒரே ஏச்சு. என் சிநேகிதி, முதல் கட்டை யாராவது பரிசாகத்தான் தரவேணுமாம், நானே வாங்கினபடியால்தான் இப்படி என்கிறாள். பத்தொன்பது நாளாயிற்று. திருப்பிக் கொடுப்பதா, வைத்திருப்பதா, விற்பதா, எறிவதா? இரண்டு அட்டைகளை இதோடு வைத்திருக்கிறேன்."

— பெயர் வேண்டாம், கொக்குவில்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் இரண்டு அட்டைகளும் நாலு நாளாக என் மேசையில் இருக்கின்றன. ஒன்று மரணம், மற்றது கோப்பை இனத்தில் ஐந்து, அதாவது கோப்பை ஐந்து. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் கருநீலமாகக் கலங்கிக் கிடக்கிறது. மெல்லிய கோடுகள் எல்லாம் மை ஊறியது போல் தடித்துவிட்டன. அச்சடித்த அட்டையைப் படமெடுத்துத் திரும்ப அச்சடித்தால் இப்படித்தான் வரும். கீழ் வலது மூலையைக் கவனித்தீர்களா? இரண்டு அட்டையிலும் அதே இடத்தில் ஒரு சின்னத் திட்டு. ஓவியர் கையெழுத்திட்ட இடத்தை யாரோ நிறம் பூசி அழித்திருக்கிறார்கள். உங்களுக்கு வந்தது போலிக் கட்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம் இரண்டையும் கவிழ்த்து வைத்தேன். ஒன்றில் மேல் ஓரம் அகலம், மற்றதில் கீழ் ஓரம் அகலம். வெட்டும்போது நகர்ந்துவிட்டது. பார்வைக்குச் சின்னக் குறைதான், ஆனால் இந்தக் கட்டின் பெரிய குறை இதுவே. ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத இரவுகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஜாம் போத்தல் விளக்கை நடுவில் வைத்து 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். ஒரே ஒரு கட்டு. அதில் ஆடுதன் (இதயம்) ஒன்பது தொலைந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் ஒன்பதுக்கு இருபது புள்ளி. புதுக் கட்டு வாங்கும் காலமில்லை அது. அப்பா சவர்க்காரப் பெட்டியை அளவாக வெட்டி, சிவப்புப் பேனாவால் ஒன்பது இதயம் கீறித் தந்தார். முன்பக்கம் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் பின்பக்கத்தைக் கண்டவுடனேயே அந்த இருபது புள்ளி யாருடைய கையில் என்று நாலு பேருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஆட்டத்தில் என்ன இருக்கிறது? டாரட்டும் அப்படித்தான். கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை அறியாமல் எடுப்பதில்தான் அதன் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு கிழமை பழகினால், எந்த ஓரம் எந்த அட்டைக்குரியது என்று உங்கள் கண் கண்டுபிடித்துவிடும். மரணத்தை விட்டு விலகிப் போகக் கையும் பழகிவிடும். பொன் விளிம்பு இல்லாததைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்பக்கம் காட்டிக்கொடுப்பதைப் பொறுக்க முடியாது.

ஆகவே முதலில் காசைத் திருப்பிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிழை உங்களுடையதல்ல. விளம்பரத்தில் காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று.

விளம்பரம் இன்னும் இருக்கிறதென்றால் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கூரியர் பையை எறிந்துவிடாதீர்கள். அனுப்பியவரின் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் அந்த ஒட்டுத்தாளில்தான் இருக்கும், பேஸ்புக் பக்கத்தில் இராது. அட்டைகளை ஓர் அடிமட்டத்தோடு வைத்துப் படமெடுங்கள். விளம்பரத்தில் அளவு போட்டிருந்தால் அது ஒன்றே போதும். பிறகு அவர்களுக்குக் கோபமில்லாமல், சுருக்கமாக எழுதுங்கள்: "நீங்கள் விளம்பரப்படுத்தியது புத்தகத்துடன் கூடிய அசல் கட்டு. எனக்கு வந்தது அதுவல்ல. படங்கள் இணைத்துள்ளேன். ஏழு நாளுக்குள் 6,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், கட்டை உங்கள் செலவில் அனுப்புகிறேன்." பாதிக் காசு தருகிறோம், கட்டை நீங்களே வைத்திருங்கள் என்று பதில் வரக்கூடும். அதை ஏற்பது உங்கள் விருப்பம். நானென்றால் முழுக் காசும் கேட்பேன்.

மறுமொழி இல்லாவிட்டால், அல்லது உங்களை பிளாக் செய்துவிட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த முறைப்பாடு போக வேண்டும். அவர்களுடைய அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, ஆனாலும் தள்ளிப் போடாதீர்கள். நாள் போகப் போகக் கேட்க மனம் வராது.

சரி, காசு திரும்பி வருகிறது என்று வைப்போம். அதைக் கொண்டு இதே கட்டின் அசலை வாங்கலாமா? இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்ததாக அதைத்தான் செய்வீர்கள் என்று எனக்குப் படுகிறது. வேண்டாம், தங்கச்சி.

காரணம், உங்கள் கடிதத்தில் இரண்டு ஏமாற்றங்கள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று கடதாசி பற்றியது. மற்றது "ஒன்றுமே தோன்றுதில்லை" என்பது. இரண்டாவதற்குப் போலி காரணமல்ல. நீங்கள் அனுப்பிய கோப்பை ஐந்தைப் பாருங்கள். ஐந்து கோப்பைகள், சுற்றிக் கொடி, அவ்வளவுதான். அசலிலும் அதுதான் இருக்கும். நீங்கள் யூடியூப்பில் படித்ததோ 1909இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டை. அந்த ஐந்தில் கறுப்புப் போர்வை போர்த்த ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் சரிந்து சிந்திக் கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு சிந்தாமல் நிற்கின்றன. அப்பால் ஓர் ஆறு, ஒரு பாலம். அதைப் பார்த்தால் யாருக்கும் ஏதாவது சொல்லத் தோன்றும். வெறும் ஐந்து கோப்பையைப் பார்த்துச் சொல்ல, எண்ணையும் இனத்தையும் வைத்துப் படிக்கும் வேறொரு பழக்கம் வேண்டும். பிரான்சின் மார்செய் நகரின் பெயரால் வழங்கும் பழைய கட்டுகள் அந்த வகை. அதில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் ஆறு மாதம் படித்தது அதையல்ல. ஒரு கட்டின் 78இல் மரணம் போன்ற 22 பெரிய அட்டைகள், மிச்சம் 56 கோப்பை, வாள் போன்ற நாலு இனங்களில் வரும் சின்னவை. விளம்பரத்தில் எப்போதும் அந்த 22இலிருந்துதான் நாலைந்தை வடிவாகக் காட்டுவார்கள். இனி எந்தக் கட்டை வாங்கினாலும் கோப்பை ஐந்தையும் வாள் எட்டையும் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அந்த 1909 கட்டுக்குப் படம் கீறியது பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். எப்படி அமைய வேண்டும் என்று வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். பெரிய வேலை, மிகக் கொஞ்சக் காசு என்று ஸ்மித் அந்த ஆண்டே நண்பர் ஒருவருக்கு எழுதினார். 1951இல் வறுமையில் இறந்தார். நெடுங்காலம் அந்தக் கட்டு அவருடைய பெயரால்கூட அறியப்படவில்லை. இதை ஏன் சொல்கிறேனென்றால், விற்பதா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. உங்களிடம் இருக்கும் போலி, இன்று உயிரோடிருக்கும் ஓர் ஓவியருடைய உழைப்பு. அவருடைய கையெழுத்தை அழித்துவிட்டு விற்றிருக்கிறார்கள். அதை நீங்கள் இன்னொருத்தியிடம் 3,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டால், அவளும் உங்களைப் போலவே ஒரு நாள் பிரித்துப் பார்த்து ஏங்குவாள். விற்க வேண்டாம். யாரும் ஆசைப்பட்டுக் கேட்டால், போலி என்று சொல்லி, காசு வாங்காமல் கொடுங்கள்.

ஸ்மித்தின் 1909ஆம் ஆண்டுப் படங்களின் நிலை வேறு. ஓவியர் இறந்து எழுபது ஆண்டு வரைதான் பதிப்புரிமை, அவருக்கு அது 2021 முடிவோடு கழிந்துவிட்டது. எங்கள் இலங்கைச் சட்டப்படியும் இப்போது அவற்றை யாரும் அச்சடிக்கலாம். யாழ் நகரில் டிஜிட்டல் அச்சகங்களுக்குக் குறைவில்லை. 22 பெரிய அட்டைகளை மட்டும் தடித்த மட்டையில் அடித்துத் தரச் சொல்லுங்கள். பின்பக்கம் ஒரே நிறமாக இருக்கட்டும், அப்போது ஓரம் காட்டிக்கொடுக்காது. அதோடு இரண்டு மாதம் இருந்து பாருங்கள். பிடித்தால் பிறகு முழுக் கட்டும் வாங்கலாம்.

இனி அம்மா. மரண அட்டை என்றால் சாவு அல்ல, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவது என்று டாரட் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நீங்களும் அம்மாவிடம் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள், எடுபட்டிராது. எடுபடாததில் எனக்கு வியப்பில்லை. இந்த ஊரில் அந்த வயதில் ஒரு பெண் எத்தனை சாவைக் கண்டிருப்பார். மகளுடைய கையில் எலும்புக்கூட்டுப் படத்தை, அதுவும் முதல் சம்பளம் வந்த மாதத்தில் கண்டால் அவருடைய நெஞ்சு பதறத்தான் செய்யும். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள்.

விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு அவரோடு 304இலிருந்து கதையைத் தொடங்கிப் பாருங்கள். டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டு விளையாட்டாகத்தான் பிறந்தது. அந்தப் பெரிய அட்டைகள் மற்ற அட்டைகளை வெட்டும் துரும்புகள். மரணமும் அப்படி ஒரு துரும்பு, பதின்மூன்றாவது. ஆங்கிலத்தில் துரும்புக்குச் சொல்லும் டிரம்ப் என்ற சொல், அந்த அட்டைகளுக்கு இத்தாலியர் வைத்த 'த்ரியோன்ஃபி' என்ற பெயரின் வழியில் வந்தது. நாங்கள் சீட்டு இனங்களை ஆடுதன், கலாவரை என்பதும் டச்சுக்காரர் விட்டுப் போன சொற்கள்தானே. டாரட்டை வைத்துக் குறி பார்ப்பது பெரிதாகக் கிளம்பியது 1780களில், பிரான்சில். அதற்கு முன் முந்நூறு ஆண்டுக்கு மேல் அது மாலை நேரப் பொழுதுபோக்கு. இதைக் கேட்டு அம்மா மனம் மாறாவிட்டாலும், பேயைப் பார்ப்பது போல அதைப் பார்க்கமாட்டார். மாறாவிட்டால் அது அவருடைய வீடு. கட்டை ஒரு பெட்டியில் போட்டு உங்கள் அலுமாரிக்குள் வையுங்கள், சாமி அறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் அவருக்கும் ஆறுதல்.

பரிசாக வரவேணும் என்ற கதையைச் சிநேகிதியிடமே விட்டுவிடுங்கள். 1909 கட்டே பதிப்பகம் விலை போட்டு விற்றதுதான். சொந்த உழைப்பில் முதன்முதலாக வாங்கிய பொருளை இப்படி ஒரு சொல்லால் கரிக்க விடாதீர்கள். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

காசு வராமலே போனால்? அப்போதும் கடலில் போடாதீர்கள். அவற்றின் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, கரையாது. அதே காரணத்துக்காக எரிக்கவும் வேண்டாம். நானென்றால் அதைக் குறி பார்க்க வைத்திராமல், வீட்டுக்கு வரும் சின்னப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். மூன்று அட்டையை எடுத்து ஒரு கதை சொல்லச் சொன்னால் நிலவையும் காகத்தையும் வைத்து அரை மணித்தியாலம் சொல்லுவார்கள். மரணத்தையும் பிசாசையும் மட்டும் முதலே எடுத்து வைத்துவிடுங்கள், அவர்களுடைய அம்மாமாரும் உங்களுடைய அம்மா போலத்தான்.

ஒன்று மறந்துவிட்டேன். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தீர்களா? போலிக் கட்டுகளில் ஓர் அட்டை குறைவதும், ஒன்றே இரண்டு தரம் வருவதும் உண்டு. உங்களிடம் இப்போது 76 இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது 78உம் இருந்தால்தான் விற்றவர் வேறு கதை சொல்ல முடியாது. ஆகவே மரணத்தையும் கோப்பை ஐந்தையும் இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, நீங்கள் உறையில் எழுதியிருந்த விலாசத்துக்கு இன்று காலை பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். உறையின் மேல் என் பெயர்தான் இருக்கிறது, அம்மா வாங்கினாலும் பயமில்லை.

அன்புடன்,
அக்கா