துணி அட்டை பைண்டிங்: நீங்கள் கேட்டவை

கையால் தைத்த நோட்டுக்குத் துணி அட்டை போடுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து: அக்கா, பழைய கைலியை அட்டையில் ஒட்டினேன், ஃபெவிகால் ஊறி மேலே திட்டுத்திட்டாகத் தெரிகிறது. பசையைக் குறைத்தால் சரியாகுமா?

குறைத்தால் கறை குறையும், ஆனால் துணி அங்கங்கே உப்பி நிற்கும். கடையில் கிடைக்கும் பைண்டிங் துணியான காலிகோவில் கஞ்சி ஏற்றி இழை இடுக்கை அடைத்திருப்பார்கள், அதனால் பசை மேலே வராது. வீட்டுத் துணிக்கு அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும், அதாவது அட்டையில் ஒட்டுவதற்கு முன்பே துணியின் பின்பக்கம் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டிவிட வேண்டும். துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடி மேல் விரித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, கோடுகள் நேராக வரும்வரை நீவுங்கள். கைலிக் கட்டம் கொஞ்சம் கோணினாலும் அட்டையில் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். தாள் நாலு பக்கமும் 2 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். அதில் தண்ணீராக இல்லாத மைதா பசை தடவித் துணி மேல் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். வெளியே நீட்டும் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், காயக் காயத் துணி விறைப்பாகிவிடும். மறுநாள் பிளேடால் வெட்டி எடுத்தால் தாள் மாதிரியே மடியும். அப்புறம் ஃபெவிகால் போட்டாலும் ஊறாது.

தொண்டி: படகுப் பாய்த்துணி கிடக்கிறது, ஆகுமா?

ஆகும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் முதலில் உப்பு போக வேண்டும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். காய்ந்த துணி மழை நாளில் பிசுபிசுத்தால் இன்னும் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த உப்பு ஈரத்தை இழுத்து அட்டைக்குள் பூஞ்சையைக் கொண்டுவரும். துணி கனம் என்பதால் முதுகுக்கு, அதாவது நோட்டின் தைத்த ஓரத்துக்கு, வேண்டாம், திறந்து மூடும் இடம் விறைத்துவிடும். முதுகுக்கு மெல்லிய பருத்தி, இரண்டு பக்கத்துக்கும் பாய்த்துணி.

பாம்பன்: ஒட்டிக் காய்ந்ததும் அட்டை வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது.

ஈரத் துணி காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கிறது. உள்பக்கம் ஒட்டும் தாள் அதே அளவு எதிர்ப்பக்கம் இழுத்தால்தான் அட்டை நிமிரும். அந்தத் தாளின் இழையோட்டமும் (உள்ளே இழைகள் ஓடும் திசை) அட்டையின் இழையோட்டமும் முதுகுக்கு இணையாக இருக்கட்டும். ஒட்டியதும் கனமான பலகைக்கு அடியில் வையுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஒரு ராத்திரி போதாது, இடையில் உறிஞ்சும் தாளை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பரமக்குடி: அம்மாவின் பட்டுப்புடவையை அட்டையாக்க ஆசை, அண்ணன் வேண்டாம் என்கிறார்.

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டில் தண்ணீர்க் கறை விழுந்தால் போகாது, ஜரிகை மடிப்பில் முறியும். முந்தானையைத் தொடாமல், கிழிந்த ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து, ஈர வெள்ளைத் துணியால் அழுத்திச் சாயம் போகிறதா என்று முதலில் பாருங்கள். முதல் முயற்சிக்கு உங்கள் ஊர், எமனேஸ்வரம் தறிப் பருத்தியே போதும், அதைப் போல வசதியான துணி எனக்குத் தெரிந்து இல்லை.

மண்டபம்: பூச்சி வராமல் இருக்க பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்கிறார்கள்.

பழைய பைண்டர்கள் போட்டார்கள்தான். ஆனால் அது விஷம், போதாததற்கு அதில் உள்ள செம்பு நாள்பட நாள்பட தாளையும் பருத்தியையும் அரிக்கும். பிள்ளைகள் கையில் போகும் நோட்டுக்கு வேண்டவே வேண்டாம். பசையை அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி ஒட்டும் வேலையைத் தள்ளிவைத்துத் தையலை மட்டும் முடித்து வையுங்கள்.

தேவிபட்டினம்: மூலையில் அட்டை எட்டிப் பார்க்கிறது.

துணியை மூலைக்கு மிக நெருக்கமாக வெட்டிவிட்டீர்கள். 2 மி.மீ. அட்டை என்றால் மூலையிலிருந்து 3 மி.மீ. தள்ளிக் குறுக்காக வெட்டுங்கள், ஒரு பக்கத்தை மடித்ததும் மூலையில் நிற்கும் துணியை நகத்தால் உள்ளே அழுத்திவிட்டு அடுத்த பக்கத்தை மடியுங்கள்.