களத்து வாத்தியார் பதில்கள்

(தருமபுரியில் சமூகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வரும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பேட்டியின் ஒலிப்பதிவைக் கொடுத்தால் ஏஐ நொடியில் எழுத்தாக்கி, முக்கியக் கருத்துகளையும் பிரித்துத் தந்துவிடுகிறது. என் நெறியாளர் இதெல்லாம் கூடாது என்கிறார். பழைய காலத்துப் பிடிவாதம்தானே இது?
– ஆய்வு மாணவர், பென்னாகரம்

பிடிவாதக்காரராகவே இருக்கட்டும், இந்த விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது தம்பி.

முதலில் எழுத்தாக்கம். அமெரிக்காவில் 2020-ல் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் கருவிகளைச் சோதித்தார்கள். அதற்கு எடுத்துக்கொண்டதும் ஆய்வுப் பேட்டிகளின் ஒலிப்பதிவுகள்தான். வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொல் தப்பாக வந்தது, கறுப்பினத்தவர் பேச்சில் 35. ஆங்கிலத்துக்கே இந்த நிலை. நம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வந்து போகும். அதை அந்தக் கருவி என்ன பாடு படுத்தும் என்று பாருங்கள்.

இன்னொன்று இதைவிட மோசம். விஸ்பர் என்ற கருவியை ஆராய்ந்து 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒலித்துண்டுகளில் சுமார் 1 சதவீதத்தில், யாருமே பேசாத வாக்கியங்களை அது தானாக எழுதியிருந்தது. பேச்சுக்கு நடுவே நீண்ட இடைவெளி விடுகிறவர்களிடம் இந்தத் தொல்லை அதிகம். பேட்டியில் அப்படித் தயங்கித் தயங்கிப் பேசுகிறவர்கள் யார்? அவர்களைத் தேடித்தானே நீங்கள் ஊர் ஊராகப் போகிறீர்கள்!

சரி, எழுத்தாக்கம் ஒழுங்காகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். பாலக்கோட்டுப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாவிடம் கூலி பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திண்ணையில் மேஸ்திரியின் தம்பி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "மேஸ்திரி நல்லவருங்க, கணக்கெல்லாம் சரியா வந்துரும்" என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே கண் திண்ணைக்குப் போய்த் திரும்பியது. அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த கை நின்றுபோனது. அந்த ஆள் எழுந்து போனதும் குரலை இறக்கி, "போன பொங்கலுக்கு வாங்குன அட்வான்சுன்னு வாராவாரம் கூலியில புடிச்சுக்கிறாருங்க. எப்பத் தீரும்னு கேக்க முடியாது" என்றார்.

இதை ஏஐ சுருக்கினால் 'மேஸ்திரி பற்றிக் கலவையான கருத்துகள்' என்று அழகாக எழுதி வைக்கும். அதில் கலவை எங்கே இருக்கிறது? முதலில் சொன்னது திண்ணைக்கு, பிறகு சொன்னது எனக்கு. கண் எங்கே போனது என்பது ஒலிப்பதிவில் இருக்காது, நோட்டில் நீங்கள் எழுதியிருந்தால்தான் உண்டு. அதனால் முதல் வரைவுக்கு வேண்டுமானால் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நோட்டைப் பக்கத்தில் விரித்து, காதால் கேட்டு, வரிவரியாகத் திருத்துங்கள். கருத்துகளைப் பிரிக்கும் வேலையை மட்டும் அதனிடம் விடாதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் அடுத்த முறை என்ன கேட்கவேண்டும் என்பதே புரியும்.

ஏஐ சாதி பார்க்காது, லஞ்சம் வாங்காது. அரசு உதவி யாருக்கு என்று அதையே முடிவு செய்ய விட்டால் என்ன?
– மா விவசாயி, காவேரிப்பட்டணம்

உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் அமெரிக்காவில் நோயாளிகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று ஒரு கணினிக் கணக்கை விட்டுத்தான் சொல்லச் சொன்னார்கள். அதற்கு இனம் என்னவென்று சொல்லவே இல்லை. மருத்துவச் செலவு கூடுதலானால் நோயும் கூடுதல் என்று அது எடுத்துக்கொண்டது. அஞ்செட்டி மலைப்பக்கம் முட்டிவலியோடு காட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு மருத்துவச் செலவு என்று என்ன இருக்கும்? அந்தக் கணக்குப்படி அவர் நல்ல ஆரோக்கியசாலி. அங்கேயும் அதேதான் நடந்தது. கறுப்பினத்தவருக்கு மருத்துவத்தில் செலவான பணம் குறைவு என்பதால், அவர்கள் பட்டியலில் பின்னுக்குப் போனார்கள். 2019-ல் வெளியான ஆய்வு, கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆகும் என்று காட்டியது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்திய விவகாரத்திலும் இப்படி ஒரு கணக்குக்குப் பங்குண்டு. 2021 ஜனவரியில் அரசாங்கமே ராஜினாமா செய்தது. லஞ்சம் கேட்டவர் மீது மனுவாவது போடலாம். கணினி பெயரை விட்டுவிட்டால் எந்த மேசைக்குப் போவீர்கள்?

பேட்டிக்கான கேள்விகளை ஏஐயிடம் கேட்டு வாங்கலாமா?
– முதுகலை மாணவி, அரூர்

வாங்குங்கள், அப்புறம் முக்கால்வாசியை அடித்துவிடுங்கள். 'உங்கள் சமூகப் பொருளாதார நிலையை எவ்வாறு மதிப்பிடுகிறீர்கள்?' என்று எழுதித் தரும். களி கிண்டிக்கொண்டிருக்கும் பாட்டியிடம் அதைக் கேட்டால் துடுப்பு உங்கள் மேல் விழும். 'கடைசியா எப்பக் கடன் வாங்குனீங்க, யாருகிட்ட, எதை அடகு வெச்சீங்க?' என்று கேளுங்கள். 'ஊரில் சாதி வித்தியாசம் உண்டா' என்றால் "அதெல்லாம் இப்ப இல்லீங்க" என்பார்கள். திருவிழா வரி யார் வீட்டில் வாங்குவார்கள், யார் வீட்டில் வாங்கமாட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள், தெருவாரியாகப் பதில் வரும்.

பேட்டி கொடுத்தவருக்கு நாம் என்ன கொடுக்கலாம்?
– விரிவுரையாளர், காரிமங்கலம்

கூலி நேரத்தில் போய் உட்காராதீர்கள், அதுவே பாதி உதவி. அவர் குரலை எந்த ஏஐயிலும் ஏற்றுவதற்கு முன், அது எங்கே போகும், யார் கேட்கக்கூடும் என்று புரியும்படி சொல்லிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆய்வேடு முடிந்ததும் தடித்த பிரதியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளாமல், அவர் சொன்னதை நீங்கள் எழுதியிருக்கும் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். "நான் இப்படிச் சொல்லலையே" என்றால் அங்கேயே திருத்துங்கள்.