மற்றவர்களுக்கு ஊக்கம் தந்து, விசுவாசத்தில் தளராமல் நின்று, நல்ல தலைவராக வளர்வது எப்படி?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 23. சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். கூட வரும் பையன்களையும் பிள்ளைகளையும் எழுப்பிவிட வேண்டும், தன் விசுவாசமும் தளரக்கூடாது, நல்ல தலைவனாகவும் வளர வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் எனக்கு இது ஒரே கேள்விதான். யாரும் நம்பாத ஒருவரை நம்பி ஒரு பொறுப்பை அவர் கையில் கொடுங்கள், கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். மற்ற இரண்டும் அதைப் பின்தொடர்ந்து வரும். இதை நான் இரண்டு பேரிடம் கற்றுக்கொண்டேன். ஒருவரை உலகத்துக்கே தெரியும். இன்னொருவரை எங்கள் ஊர் தாண்டி யாருக்கும் தெரியாது.

முதலாமவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில், ஒரு கிராமத்துக் குருவானவர் வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார், அம்மா கண்டிப்போடு வளர்த்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டத்தை முடிக்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்து தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். நம் பக்கத்து மேடைகளில் "முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர்" என்று ஒரு வரி சொல்லிக் கைதட்டி அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். அந்த வரிக்கு முன்னால் நடந்ததுதான் உங்களுக்கு வேண்டும்.

1902-இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்ச் சபை மக்கள் தாங்களே பணம் சேர்த்து, தங்கள் பிள்ளைகளை ஊழியத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலோ தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். கோபுரம் வைத்த ஆலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. ஆனால் மிஷனரி என்றால் கப்பலேறி வரும் வெள்ளைக்காரர்தான் என்ற எண்ணம் போகவில்லை. அந்த வித்தியாசம் அவரைத் தூங்கவிடவில்லை. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், நண்பர்களோடு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். நாம் இன்றும் ஐ.எம்.எஸ். என்று சொல்லிக் காணிக்கை எடுக்கிறோமே, அதுதான். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் ஏற்பாடு. 1905-இல் வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சங்கம் வைப்பது பெரிய காரியமில்லை, தம்பி. நம் ஊரில் சங்கத்துக்கா பஞ்சம்? அவர் அடுத்து செய்ததைப் பாருங்கள். ஐ.எம்.எஸ். தனக்கென்று எடுத்துக்கொண்ட இடம் ஹைதராபாத் நிஜாம் சமஸ்தானத்தில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதி. அங்கே போகச் சொல்லி ஊர் ஊராக வாலிபர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு, மற்றவர்களை மட்டும் அனுப்பிவிட்டுத் தான் செயலாளர் நாற்காலியில் இருப்பது முடியாமல் போயிற்று. 1909-இல், 35 வயதில், நல்ல வேலையையும் பெயரையும் விட்டுவிட்டு, மனைவி அன்புவோடும் பிள்ளைகளோடும் தோர்ணக்கலுக்கே போய்விட்டார். புது மொழி, வேறு சாப்பாடு, காய்ச்சல் பிடிக்கும் நாடு. நம் கூட்டங்களில் "யார் போவீர்கள்?" என்கிற குரலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்டவரே பெட்டியைக் கட்டினார் என்பதால்தான் நூறு வருடம் கழித்தும் அசரியாவின் பேச்சை மறக்க முடியவில்லை.

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1200 பிரதிநிதிகளில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சபையில் எழுந்து நின்று, வெள்ளைக்கார மிஷனரிகள் இந்திய ஊழியர்களோடு நட்பாகப் பழகுவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். வேதத்தில் அன்பைப் பற்றிச் சொல்லும் 1 கொரிந்தியர் 13 நினைவுக்கு வருகிறதா? அவர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வேதத்தை வைத்தே அவர்களிடம் பேசினார். சிலருக்குக் கோபம் வந்தது. அவர் கசந்துபோய்ச் சபையை விட்டு விலகவும் இல்லை, சொன்னதைத் திரும்ப வாங்கவும் இல்லை. விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்று நீங்கள் கேட்கிறீர்களே, எனக்கு அதன் முகம் இதுதான். வலிக்கிற இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு, மறுநாளும் அதே வேலைக்குப் போவது.

இரண்டு வருடத்தில், 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில் அவரைத் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். ஓர் இந்தியரின் கீழ் வெள்ளைக்கார ஊழியர்கள் வேலை செய்வதா என்று எதிர்ப்பு இருந்தது. அதையெல்லாம் தாண்டி அவருக்காக உறுதியாக நின்றவர் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். ஒருவர் இவரை நம்பினார், இவர் அந்த நம்பிக்கையைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் கீழே இறக்கினார். யாரிடம் தெரியுமா? மாலா, மாதிகா மக்களிடம். தொடவே கூடாது என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்தவர்கள். அவர்களிலிருந்து குருப்பட்டம் இல்லாமலே சபையை நடத்தும் உபதேசிமார், ஆசிரியர்மார், குருமார் எழும்பினார்கள். தொடக்கத்தில் ஆறு இந்தியக் குருக்கள் இருந்த அவருடைய திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி), 1930-களின் நடுவில் இருநூறுக்கு மேல் இருந்தார்கள். கிராம ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில்.

மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போவார் பேராயர். அழுக்கு, நோய், கடன், குடி என்று நான்கு பேய்களை விரட்டச் சொல்வார். ஞானஸ்நானம் வாங்குகிறவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைக்கச் சொல்லி, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பார். நினைத்துப் பாருங்கள். பண்ணையார் முன்னால் நிமிர்ந்து நிற்கக்கூட அனுமதியில்லாத கூலிக்காரர், தண்ணீர் தலையில் காயும் முன்னே ஊழியக்காரராகிவிடுகிறார். நாளைக்கு வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே இல்லை. ஊக்கம் கொடுப்பது என்றால் எனக்கு உடனே கண்ணில் வருவது தலைமேல் வைத்த அந்தக் கைதான்.

சரி, இரண்டாமவர். எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபைகளில், ஒரு கிளைச் சபைக்கு உபதேசியாராக இருந்தவர். ஐயர் என்று நாங்கள் சொல்லும் குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்துக்கு வருவார், மற்ற ஞாயிறெல்லாம் இவர்தான். பிரசங்கம் சுமார்தான் என்று பெரியவர்களே சொல்வார்கள். ஆனால் எங்கள் சபையிலிருந்து இன்று ஊழியத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற பாதிப்பேர் அவர் கைப்பட்டவர்கள்.

பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வேதம் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளியில் என் வகுப்பில் திக்குவாய் உள்ள ஒரு பையன் இருந்தான். அவன் வாயைத் திறந்தால் பின் பெஞ்சில் சிரிப்பு கேட்கும். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்க அவன் பெயரை உபதேசியார் பலகையில் எழுதிவிட்டார். அவன் அம்மாவே வந்து வேண்டாம் ஐயா என்று கெஞ்சினார். "இருக்கட்டும்மா" என்று மட்டும் சொன்னார். தினமும் சாயங்காலம் மணியடித்த பிறகு காலி ஆலயத்தில் இரண்டு பேரும் சங்கீதம் வாசிப்பார்கள். அவர் ஒரு வசனம், அவன் ஒரு வசனம். பண்டிகை அன்று அவன் வாசிக்கப் போனபோது உபதேசியாரும் பின்னாலேயே போய் வாசிப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நடுவில் ஒரு சொல்லில் அவன் சிக்கிக்கொண்டான். ஆலயம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அவர் எடுத்துக் கொடுக்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார். சொல் வந்தது. மீதிப் பாடத்தையும் அவனே முடித்தான். இன்றைக்கு அவன் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். திக்கல் முழுதாகப் போகவில்லை, வகுப்பில் யாரும் அதற்காகச் சிரிப்பதும் இல்லை.

எடுத்துக் கொடுக்காமல் நின்றாரே, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பொறுப்பைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தடுமாறினதும் "விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பிடுங்கிக்கொள்கிற செயலாளர்கள்தான் நம்மிடம் அதிகம். நிகழ்ச்சி நன்றாக நடக்கும், ஆனால் ஒருவரும் வளர மாட்டார்கள். வாலிபர் ஞாயிறு கொஞ்சம் சுமாராக நடந்தாலும் பரவாயில்லை, புதிதாக மூன்று பேர் மைக்கைப் பிடித்தார்களா என்று பாருங்கள்.

விசுவாசம் தளராமல் இருப்பது பற்றி. கன்வென்ஷன் கூட்டம் முடிந்த இரவு யாருக்கும் விசுவாசம் குறைவதில்லை. அடுத்த மாதம், வேலைக்கான தேர்வில் பெயர் வராதபோது, வீட்டில் பணக் கஷ்டம் வரும்போதுதான் தெரியும். என் அப்பா இறந்த வருடம் எனக்கு ஜெபம் வரவே இல்லை. வேதாகமத்தைத் திறந்தால் எழுத்து மட்டும் தெரிந்தது. அதே உபதேசியார் அந்த நாட்களில் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்காருவார். தேவ சித்தம், தைரியமாய் இருங்கள் என்றெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா கொடுக்கிற கருப்பட்டிக் காப்பியைக் குடிப்பார், அம்மாவோடு சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்வார், போய்விடுவார். எனக்கு வராத ஜெபத்தை வேறொருவர் எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தேன்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அதை வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதனால் வறண்ட நாள் வந்தால் பயப்படாதீர்கள், அந்தச் சங்கீதத்தையே ஜெபமாகச் சொல்லுங்கள். அப்புறம், ஐந்து பிள்ளைகளுக்காவது ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிற பொறுப்பை விடாதீர்கள். மனசு சோர்ந்திருந்தாலும் காலையில் அந்தப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள் என்பதற்காகவே சனிக்கிழமை இரவு வேதத்தைத் திறப்பீர்கள். என்னைப் பல வருடம் காப்பாற்றியது அந்தச் சனிக்கிழமை இரவுகள்.

உங்கள் ஐக்கியத்தில் விலகிப் போகிறவர்களும் இருப்பார்கள். வேதத்தில் வரும் மாற்கு என்னும் யோவான், ஊழியப் பயணத்தின் பாதி வழியில் பவுலை விட்டுத் திரும்பிப் போனவன். மறுபடி கூட்டிக்கொண்டு போகலாமா என்பதில் பவுலுக்கும் கூட ஊழியம் செய்த பர்னபாவுக்கும் கடுமையான சண்டை வந்து, இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பலேறினார். கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து பவுலே எழுதுகிறார், மாற்குவை அழைத்துவா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று. நடுவில் பர்னபா என்ன செய்தார் என்று வேதம் விவரமாகச் சொல்லவில்லை. எங்கள் உபதேசியாரைப் பார்த்த எனக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது.

இனி உங்கள் சூழலுக்கு வருகிறேன். காணிக்கைப் பணத்தை ஒருபோதும் தனியாக எண்ணாதீர்கள். இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மாதம் ஒருமுறை வரவு செலவை வாசியுங்கள், நூறு ரூபாய் என்றாலும் சரி. சேகரத் தேர்தல், திருமண்டலத் தேர்தல் வரும்போது ஏதாவது ஓர் அணி வாலிபர் ஐக்கியத்தைத் தேடி வரும். டி-சர்ட், சாப்பாடு, வேன் எல்லாம் தருவார்கள். வாங்காதீர்கள். ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்த அணிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். நல்ல ஐக்கியங்கள் அப்படி இரண்டாக உடைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒட்டவைக்க ஒரு தலைமுறை ஆகிறது. அதேபோல, உங்கள் தெருக்காரர், உங்கள் சொந்தக்காரர் வட்டத்துக்குள்ளேயே பொறுப்புகள் சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அசரியாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாதி பார்த்து கமிட்டி போட்டால் அது அவருக்குச் செய்கிற துரோகம். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

உங்கள் பதவிக்காலம் எத்தனை வருடமோ, முதல் ஆறு மாதத்திலேயே அடுத்த செயலாளராக வரக்கூடிய இரண்டு பேரைப் பார்த்துவையுங்கள். ஒருவராவது உங்களுக்குப் பிடித்த ஆளாக இல்லாமல் இருக்கட்டும். அவர்களையும் ஐயரவர்களைப் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள், நோட்டு எழுதச் சொல்லுங்கள், சபை விருந்தான அசன வேலையில் அரிசி மூட்டைக் கணக்கை அவர்களிடம் விடுங்கள். வருகிற ஞாயிறு கூட்டத்தில் ஆரம்ப ஜெபத்துக்கு, இதுவரை ஒருமுறைகூட வாய் திறக்காத ஒருவரை வெள்ளிக்கிழமையே போய்க் கேளுங்கள். முன்கூட்டிக் கேளுங்கள், மேடையிலிருந்து திடீரென்று கூப்பிட்டு மிரள வைக்காதீர்கள். மாட்டேன் என்றால் அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள்.